குழந்தைகளின் குளுக்கோமாவும் கருவிழியின் தடிமனும்

கண்ணின் நிறப் பகுதியான ஐரிஸுக்கு முன்னால் கவிந்திருக்கும் நிறமற்ற, ஒளிபுகும் படலமே கருவிழி. நலமான கண்ணில் அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 540 மைக்ரான் தடிமன் இருக்கும். அரை மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். ஓரத்தை நெருங்க நெருங்க இன்னும் தடிக்கும். குளுக்கோமா இருக்கலாம் என்று சந்தேகிக்கப்படும் எவருக்கும் இந்த நடுத் தடிமனை அளந்து குறித்துவைப்பது இன்று கண் மருத்துவத்தில் வழக்கமாகிவிட்டது. பச்சிளம் குழந்தைகளுக்கு வரும் பிறவிக் குளுக்கோமாவிலும் இதே அளவீடு செய்யப்படுகிறது. ஆனால் பெரியவர்களின் கண்ணில் அந்த எண்ணுக்கு இருக்கும் பொருள் வேறு. நோயால் விரிந்து, நீர் கோத்து, வடு விழுந்த குழந்தைக் கண்ணில் அதற்கு இருக்கும் பொருள் வேறு.

கண்ணுக்குள் ஒரு தெளிந்த நீர் ஓயாமல் சுரக்கிறது. ஐரிஸும் கருவிழியும் சந்திக்கும் கோணத்தில் உள்ள நுண்ணிய சல்லடைத் திசு வழியே அது வடிந்துகொண்டும் இருக்கிறது. பிறவிக் குளுக்கோமாவில் இந்தச் சல்லடை கருவிலேயே சரியாக உருவாவதில்லை. சுரப்பு நிற்காது, வடிகால் மட்டும் அடைபடும். உள்ளே அழுத்தம் ஏறி, கண்ணின் பின்புறத்திலிருந்து மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பை அரிக்கத் தொடங்கும். மேலை நாடுகளில் ஏறக்குறைய 10,000 பிறப்புகளில் ஒரு குழந்தைக்கு இந்நோய் காணப்படுகிறது. ஆந்திரப் பிரதேசத்தில் நடந்த ஆய்வு 3,300 பிறப்புகளுக்கு ஒன்று என்று மதிப்பிட்டது. சவூதி அரேபியாவில் 2,500க்கு ஒன்று. ஸ்லோவாக்கியாவின் ரோமா மக்களிடையே 1,250க்கு ஒன்று.

இந்த ஏற்றத்தாழ்வுக்கு முக்கியக் காரணம் சொந்தத்துக்குள் நடக்கும் திருமணம். நோய்க்குக் காரணமான மரபணுக்களில் முதன்மையானது சிஒய்பி1பி1. அது 1997இல் அடையாளம் காணப்பட்டது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுபட்ட பிரதி ஒவ்வொன்று வந்து சேர்ந்தால்தான் நோய் வெளிப்படும். பெற்றோர் இருவருக்கும் பார்வை நன்றாகவே இருக்கலாம். ஆனால் இருவரும் பழுதான பிரதியைச் சுமப்பவர்களானால், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. தாய்மாமனை, அத்தை மகனை, மாமன் மகளை மணக்கும் வழக்கம் தொடரும் தமிழகக் குடும்பங்கள் இதைத் தெரிந்துவைத்திருப்பது அவசியம். ஒரு குழந்தைக்கு நோய் உறுதியானால், உடன்பிறந்தவர்களின் கண்களையும் காட்டிவிட வேண்டும்.

கண்ணீர் வழிதல், வெளிச்சத்தைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளுதல், இமைகளை இறுக்கி மூடிக்கொள்ளுதல் ஆகிய மூன்றும் நோயின் தொடக்க அறிகுறிகள். கண்ணீர்ப் பை அடைப்பு என்று நினைத்து மாதக்கணக்கில் மசாஜ் செய்துவிட்டு வரும் குடும்பங்கள் உண்டு. குழந்தைக்கு எவ்வளவு பெரிய கண் என்று வீட்டார் பூரித்துப்போவதும் உண்டு. அந்தப் பெரிய கண்ணே நோயின் வேலையாக இருக்கக்கூடும். முதல் மூன்று ஆண்டுகளுக்குக் குழந்தையின் கண் சுவர் நெகிழ்ந்த நிலையில் இருக்கும். அழுத்தம் ஏறினால் கண் முழுவதுமே விரியும். பிறந்த குழந்தையின் கருவிழி ஏறக்குறைய 10 மில்லிமீட்டர் குறுக்களவு கொண்டது. பிறந்தவுடன் 11 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தாலும், ஒரு வயதுக்குள் 12ஐத் தாண்டினாலும், எந்த வயதிலும் 13ஐத் தாண்டினாலும் குளுக்கோமாவைச் சந்தேகித்தே ஆக வேண்டும்.

இந்த விரிவு கருவிழியின் தடிமனை எதிரெதிரான இரண்டு வழிகளில் மாற்றுகிறது. படலம் இழுபட்டுப் பரப்பு கூடும்போது தடிமன் குறைய வேண்டும். இது ஒரு வழி. மற்றது நீர்க்கோப்பு. கருவிழியின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். அந்த அளவு மிகாதபடி காப்பவை அதன் உட்பரப்பில் ஒற்றை அடுக்காகப் பரவியிருக்கும் செல்கள். உள்ளே கசியும் நீரை அவை இடைவிடாமல் வெளியேற்றுகின்றன. அழுத்தம் மிகுந்தால் அவற்றால் ஈடுகொடுக்க முடியாது. செல்களைத் தாங்கும் டெசிமெட் படலத்துக்கு ஓரளவுக்கு மேல் இழுபடும் தன்மையும் இல்லை, அது கிழிந்துவிடும். கிழிசல் வழியே கண்ணின் உள்நீர் கருவிழிக்குள் பாய, படலம் பூத்துப்போய் வெண்மை படர்ந்து தடிக்கும். இக்கிழிசல்கள் ஆறிய பிறகு விட்டுச்செல்லும் கோடுகளை சுவிட்சர்லாந்தின் ஓட்டோ ஹாப் விவரித்தார். இன்றும் அவை ஹாப் கோடுகள் என்றே அழைக்கப்படுகின்றன. ஆக, ஒரே நோய் ஒருபுறம் கருவிழியை மெலியச் செய்கிறது, மறுபுறம் ஊதச் செய்கிறது. அளக்கும் நாளில் எது மேலோங்கியிருக்கிறதோ அதுவே எண்ணாகப் பதிவாகும்.

தடிமனை அளக்க வேண்டிய தேவை, கண் அழுத்தத்தை அளக்கும் முறையிலிருந்து பிறந்தது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ஹான்ஸ் கோல்ட்மான் 1950களில் உருவாக்கிய கருவி, கருவிழியின் நடுவில் 3.06 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள வட்டத்தைத் தட்டையாக்க எவ்வளவு விசை தேவைப்படுகிறது என்று பார்த்து உள்ளழுத்தத்தைச் சொல்கிறது. அந்தக் குறிப்பிட்ட அளவு வட்டத்தில், படலத்தின் விறைப்பும் கண்ணீர் ஏட்டின் இழுவிசையும் ஒன்றையொன்று ஈடுகட்டிவிடும் என்பது கணக்கு. கருவிழிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே தடிமன் கொண்டவை என்ற அனுமானமும் அதில் அடங்கியிருந்தது. தடிமன் பெரிதும் மாறினால் அளவீடும் பிசகும் என்பதை கோல்ட்மானும் அவருடைய சகா ஷ்மிட்டும் அப்போதே குறிப்பிட்டிருந்தார்கள். 1975இல் டென்மார்க்கின் நீல்ஸ் ஏலர்ஸ், அறுவை சிகிச்சைக்கு முன் 29 கண்களுக்குள் நுண்குழாய் செலுத்தி உண்மையான அழுத்தத்தைக் கருவி காட்டும் அழுத்தத்தோடு ஒப்பிட்டார். 520 மைக்ரான் தடிமனில்தான் கருவி சரியாகக் காட்டியது. அதைவிடத் தடித்த கருவிழியில் அழுத்தம் கூடுதலாகவும், மெலிந்ததில் குறைவாகவும் தெரிந்தது. அவருடைய கணக்கில் 10 மைக்ரான் வேறுபாட்டுக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் பாதரச அளவு பிசகு வரும்.

அதன்பின் பல ஆண்டுகள் இது நிபுணர்களின் கவனத்தோடு நின்றுவிட்டது. 2002இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்றுதான் தடிமனை அளக்கும் கருவியை மருத்துவமனைதோறும் கொண்டுசேர்த்தது. கண் அழுத்தம் மிகுந்தும் நரம்பு கெடாத 1,636 பேரைத் தொடர்ந்து கவனித்த அந்த ஆய்வில், கருவிழித் தடிமன் 555 மைக்ரானோ அதற்குக் குறைவாகவோ இருந்தவர்களுக்கு, 588க்கு மேல் இருந்தவர்களைப்போல் மூன்று மடங்கு அதிகமாகக் குளுக்கோமா வரும் ஆபத்து காணப்பட்டது. இதில் பங்கேற்றவர்கள் 40 முதல் 80 வயதுக்காரர்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. இந்த முடிவைப் பிறவிக் குளுக்கோமாவுக்கு அப்படியே பெயர்த்துக் கொண்டுவர இயலாது.

நலமான குழந்தைகளின் கருவிழித் தடிமன் பிறந்த முதல் சில நாட்களில் மிகுந்திருந்து விரைவில் குறைகிறது. ஒரு வயதுக்குப் பின் மிக மெல்லக் கூடி, பதினோரு வயது வாக்கில் நிலைகொள்கிறது. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று 2,000க்கும் மேற்பட்ட நலமான குழந்தைகளை அளந்தது. வெள்ளையினக் குழந்தைகளின் சராசரி 573 மைக்ரான், கறுப்பினக் குழந்தைகளுடையது 551 மைக்ரான் என்று இனவாரியாகவே வேறுபாடு தெரிந்தது. அதே ஆய்வில், தடிமன் 100 மைக்ரான் கூடும்போது கண் அழுத்த அளவீடு சராசரியாக 1.5 மில்லிமீட்டர்தான் கூடியது. ஏலர்ஸின் கணக்கு அதே 100 மைக்ரானுக்கு 7 மில்லிமீட்டர் என்கிறது. இவ்வளவு பெரிய இடைவெளி இருக்கும்போது, பெரியவர்களுக்காகப் போட்ட திருத்த அட்டவணையைக் குழந்தையின் கண்ணுக்குப் பயன்படுத்த எந்த நியாயமும் இல்லை.

அளக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். பெரியவர்களுக்குக் கேமராவும் ஒளிக்கற்றையும் கொண்டு தொடாமலே அளக்கும் கருவிகள் இருக்கின்றன. ஓசிடி, பென்டாகேம் போன்றவை அவ்வகை. நாடியை ஊன்றி, ஒரு புள்ளியைப் பார்த்தபடி அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் கைக்குழந்தைக்கு அவை ஒத்துவருவதில்லை. கருவிழி வெண்மை படர்ந்திருந்தால் ஒளி சிதறி அளவீடும் தடுமாறும். எனவே குழந்தைகளுக்குப் பெரும்பாலும் மீயொலிக் கருவியே கைகொடுக்கிறது. மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்டு, பேனா முனை அளவுள்ள ஆய்வுமுனையைக் கருவிழியின் நடுவில் செங்குத்தாக லேசாகத் தொடுவார்கள். மீயொலி கருவிழிக்குள் நொடிக்கு 1,640 மீட்டர் வேகத்தில் செல்வதாகக் கொண்டு, முன்பரப்பிலும் பின்பரப்பிலும் பட்டுத் திரும்பும் எதிரொலிகளுக்கு இடையிலான நேரத்தைக் கருவி தடிமனாக மாற்றுகிறது. 550 மைக்ரான் கருவிழியில் போய்வர ஆகும் நேரம் ஒரு நொடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. முனை சற்றுச் சாய்ந்தாலோ நடுவிலிருந்து விலகினாலோ தடிமன் கூடுதலாகக் காட்டும். விரிந்த, கலங்கிய கண்ணில் நடுப்புள்ளியைக் கண்டுபிடிப்பதே எளிதல்ல. அதனால் பலமுறை தொட்டு, எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகின்றனவா என்று பார்த்தே பதிவு செய்வது முறை.

கைக்குழந்தைகளுக்குப் பெரும்பாலும் பொது மயக்க மருந்தின் கீழ்தான் முழுச் சோதனையும் நடக்கும். செவோஃப்ளூரேன் போன்ற மயக்க வாயுக்கள் கண் அழுத்தத்தைக் குறைத்துக் காட்டும். மூச்சுக்குழாய் பொருத்தும் நேரத்தில் அழுத்தம் ஏறும். எனவே குழந்தை மயங்கியதும் முதல் வேலையாக அழுத்தத்தை அளந்துவிட வேண்டும். தடிமன், குறுக்களவு, கண்ணின் முன்பின் நீளம், நரம்பின் நிலை எல்லாம் அதற்குப் பிறகு. ஒரே மயக்கத்தில் இத்தனையும் பார்த்து முடிப்பதுதான் குழந்தைக்கும் நல்லது. நுண்ணிய முனை கருவிழியில் பட்டுத் துள்ளித் திரும்பும் வேகத்தைக்கொண்டு அழுத்தத்தைச் சொல்லும் ஐகேர் கருவி வந்த பிறகு, பால் குடித்துக்கொண்டிருக்கும் குழந்தைக்குக்கூட மயக்கமோ சொட்டு மருந்தோ இல்லாமல் அழுத்தத்தை அளக்க முடிகிறது. ஆனால் அதன் அளவீடும் கருவிழியின் தடிமனுக்கும் விறைப்புக்கும் ஏற்ப மாறவே செய்யும்.

பிறவிக் குளுக்கோமா உள்ள கண்களில் தடிமன் எவ்வளவு என்று ஆராய்ந்தவர்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை. சில ஆய்வுகளில் நலமான குழந்தைகளைவிட மெலிந்திருந்தது, வேறு சிலவற்றில் தடித்திருந்தது. மேலே கண்ட இருவழி மாற்றத்தை நினைத்தால் இதில் வியப்பில்லை. நோய் கட்டுக்குள் வந்து, கலக்கம் தெளிந்த கண்களை மட்டும் அளந்தால் விரிந்து மெலிந்த கருவிழி தெரியும். நீர்க்கோப்பு முழுதாக வடியாத கண்களும் கலந்தால் சராசரி ஏறிவிடும். நோயாளியின் வயது, இனம், அறுவை சிகிச்சைகள் எல்லாம் ஆய்வுக்கு ஆய்வு வேறுபடும். குழந்தைகளுக்கு வரும் மற்ற வகைக் குளுக்கோமாக்களில் இவ்வளவு குழப்பம் இல்லை. ஐரிஸ் இல்லாமல் பிறக்கும் குழந்தைகளின் கருவிழி வெகுவாகத் தடித்திருக்கும் என்று அமெரிக்காவில் ஜேம்ஸ் பிரான்ட் குழுவினர் 2004இல் காட்டினார்கள். அங்கே சராசரியே 630 மைக்ரானைத் தாண்டியது. சிறுவயதிலேயே கண்புரை அகற்றப்பட்ட குழந்தைகளின் கருவிழியும் தடித்தே இருக்கிறது.

தடிமன் எண்ணைக் கையாளும்போது மிகுந்த கவனம் வேண்டிய இடம் இதுதான். தடித்த கருவிழி என்றால் கருவி அழுத்தத்தைக் கூட்டிக் காட்டுகிறது என்ற விதி, நார்த்திசு மிகுந்து விறைப்பாகத் தடித்த படலத்துக்கே பொருந்தும். தண்ணீரில் ஊறிய அட்டை தடித்திருந்தாலும் விரல் பட்டால் அமுங்கிவிடும். நீர் கோத்த கருவிழியும் அப்படித்தான் எளிதில் தட்டையாகும், கருவி உண்மையான அழுத்தத்தைவிடக் குறைத்துக் காட்டும். ஒரு குழந்தைக்கு அழுத்தம் 27, தடிமன் 620 என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்களுக்கான கணக்கில் 7ஐக் கழித்தால் 20. இயல்பான அளவு என்று தோன்றும். அந்தத் தடிமன் நீர்க்கோப்பால் வந்ததென்றால் உண்மை அழுத்தம் 27ஐவிடவும் மேலே இருக்கலாம். கருவிழி தடித்திருப்பதால்தான் அழுத்தம் கூடத் தெரிகிறது, பொறுத்துப் பார்க்கலாம் என்று காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் அந்தக் குழந்தையின் நரம்பிழைகளை விலையாகக் கேட்கும். நேர்மாறாக, ஆறிய வடு உள்ள கருவிழி விறைத்து அழுத்தத்தைக் கூட்டிக் காட்டவும் கூடும். எண் ஒன்றே, அதன் பின்னால் இருப்பது நீரா, நாரா, வடுவா என்பதைப் பளிச்சென்ற ஒளியில் கருவிழியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கருவிழி எப்படி வளைந்து மீள்கிறது என்பதையே அளக்கும் கருவிகளும் வந்துள்ளன. காற்றை ஊதிக் கருவிழியை உள்வாங்கச் செய்து, அது திரும்பும்போது எவ்வளவு ஆற்றலை உள்வாங்கிக்கொள்கிறது என்று பார்ப்பது அவற்றின் முறை. அயர்லாந்து ஆய்வாளர்கள் 2006இல் இப்படிச் சோதித்தபோது, பிறவிக் குளுக்கோமா உள்ள குழந்தைகளின் கருவிழியில் அந்தத் திறன் நலமான குழந்தைகளுடையதைவிடக் குறைந்திருந்தது. தடிமன் ஒன்றைத் திருத்திவிட்டால் அழுத்தம் சரியாகிவிடும் என்ற எண்ணத்துக்கு இதுவும் ஒரு மறுப்பு. சோதனைக்கு ஒத்துழைக்கும் வயதுள்ள குழந்தைகளுக்குத்தான் இந்தக் கருவி உதவும்.

அழுத்தத்தைத் திருத்த உதவாத தடிமன், நோயைப் பிரித்தறிய நன்றாகவே உதவுகிறது. கலங்கிய கருவிழியோடு வரும் கைக்குழந்தைக்குக் குளுக்கோமாதான் என்று முடிவுகட்டுமுன் நினைக்க வேண்டிய இன்னொரு நோய், உள்ளடுக்குச் செல்கள் பிறவியிலேயே செயலிழந்திருக்கும் மரபு நோய். எஸ்எல்சி4ஏ11 என்ற மரபணுவின் பழுதால் வரும் அதன் ஒரு வகை தென்னிந்தியாவிலும், உறவுத் திருமணம் மிகுந்த பிற பகுதிகளிலும் காணப்படுகிறது. அங்கே கருவிழி இயல்பைப்போல் இரண்டு மூன்று மடங்கு தடித்து, ஒரு மில்லிமீட்டரைக்கூட எட்டும். குறுக்களவோ இயல்பாகவே இருக்கும். நேர் எதிரான நிலையும் உண்டு. ஆண் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் வரும் பெருங்கருவிழி நிலையில் குறுக்களவு 13 மில்லிமீட்டரைத் தாண்டினாலும் படலம் தெளிவாகவும் மெலிந்தும் இருக்கும். ஹாப் கோடுகள் இருக்காது. அழுத்தமும் நரம்பும் பழுதற்றிருக்கும். சர்க்கரைக் கூட்டுப்பொருள்கள் திசுக்களில் தேங்கும் அரிய நோய்களிலும் கருவிழி கலங்கித் தடிக்கும். அங்கே விறைப்பு மிகுந்து அழுத்தம் கூடுதலாகத் தெரியும். தவறான முடிவு ஒரு குழந்தையை வேண்டாத அறுவை சிகிச்சைக்கு அனுப்பலாம், இன்னொன்றை வேண்டிய சிகிச்சையிலிருந்து விலக்கிவைக்கலாம்.

பிறவிக் குளுக்கோமாவுக்கு அறுவை சிகிச்சைதான் முதன்மை மருத்துவம். சொட்டு மருந்துகள் துணைக்கு மட்டுமே. ஒழுங்காக உருவாகாத வடிகாலைக் கண்ணுக்குள்ளிருந்து கீறித் திறக்கும் முறையை சான் பிரான்சிஸ்கோவின் ஓட்டோ பர்கான் 1930களின் பிற்பகுதியில் நிலைநாட்டினார். அதுவரை பெரும்பாலும் பார்வையிழப்பில் முடிந்த நோய் சிகிச்சைக்கு வசப்பட்டது. கருவிழி கலங்கி உட்புறம் தெரியாத கண்களில் வெளியிலிருந்து வடிகாலைத் திறக்கும் முறைகள் பின்னர் வந்தன. இந்தியாவில் குழந்தைகள் தாமதமாகவும் கலங்கிய கருவிழியோடும் வருவதால் இந்த இரண்டாம் வகையே அதிகம் செய்யப்படுகிறது. ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையின் அனில் மண்டல் இத்துறையில் விரிவாகப் பணியாற்றியவர்.

அழுத்தம் இறங்கினால் அடுத்தடுத்த வாரங்களில் நீர்க்கோப்பு வடிந்து கருவிழி தெளியும், தடிமன் குறையும். ஒரே கண்ணை ஒரே முறையில் அடுத்தடுத்து அளந்த எண்கள்தான் உண்மையில் பயன் தருபவை. குறைந்து நிலைத்த தடிமன் மறுபடி ஏறினால் அழுத்தம் கட்டுமீறுகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். ஒரு கண்ணில் மட்டும் நோய் இருந்தால் நலமான மறு கண்ணே நல்ல அளவுகோல், ஏனெனில் ஒருவரின் இரு கண்களுக்குள் இயல்பாகத் தடிமன் அதிகம் வேறுபடாது. இத்தனைக்குப் பிறகும் தீர்ப்பு தடிமனிடம் இல்லை. கருவிழியின் குறுக்களவு கூடுகிறதா, கண்ணின் நீளம் வயதுக்கு மீறி வளர்கிறதா, கிட்டப்பார்வை ஏறுகிறதா, பார்வை நரம்பின் குழி ஆழமாகிறதா என்பவையே அழுத்தம் உண்மையில் கட்டுக்குள் இருக்கிறதா என்பதைக் காட்டும். சிகிச்சை சரியான நேரத்தில் கிடைத்தால் குழந்தைகளின் நரம்புக் குழி மீண்டும் சுருங்குவதுகூட உண்டு. பெரியவர்களிடம் இது அரிது.

வளர்ந்த பிறகும் இந்தக் கண்கள் கண்காணிப்பிலிருந்து விடுபடுவதில்லை. இழுபட்டுக் கிழிந்த உள்ளடுக்கில் செல்கள் குறைந்திருக்கும். அவை புதிதாகப் பிறப்பதும் இல்லை. இருபது முப்பது ஆண்டுகள் கழித்து அழுத்தம் சரியாகவே இருந்தும் தடிமன் ஏறி, காலையில் எழுந்ததும் பார்வை மங்கி, நேரம் ஆக ஆகத் தெளிந்தால் உள்ளடுக்கு தளர்கிறது என்று பொருள். கண்புரை அறுவைக்கு முன் இவர்களுக்குத் தடிமனையும் உள்ளடுக்குச் செல்களின் எண்ணிக்கையையும் பார்த்தாக வேண்டும். கண் நீண்டுவிட்டதால் கிட்டப்பார்வை மிகுந்த இளைஞர்கள் சிலர் கண்ணாடியை விட்டொழிக்க லேசர் சிகிச்சை கேட்டு வருவார்கள். லாசிக் சிகிச்சையின்போது கண்ணைப் பற்றும் உறிஞ்சு வளையம் சில நொடிகளுக்கு அழுத்தத்தைக் கடுமையாக ஏற்றும். முன்பே நலிந்த நரம்புக்கு அது ஆபத்து. லேசர் கருவிழியைச் செதுக்கி மெலிய வைப்பதால் அதன்பின் அளக்கும் அழுத்தம் எல்லாம் குறைவாகவே தெரியும். நோய் மீண்டும் தலைதூக்கினாலும் கருவியில் அது பிடிபடாமல் போகலாம். இவர்களுக்கு அந்தச் சிகிச்சை பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. சிறுவயதில் குளுக்கோமா சிகிச்சை பெற்றதை எந்தக் கண் மருத்துவரிடமும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பழைய சோதனைக் குறிப்புகளில் உள்ள அழுத்தம், குறுக்களவு, தடிமன் எண்களையும் உடன் கொண்டுபோக வேண்டும்.